பந்தலுக்குக் குனிந்த வண்டி

மாரீஸ்வரியின் கல்யாணச் சீர் கடமலைக்குண்டிலிருந்து சுருளிப்பட்டிக்கு வந்து சேர ஒரு பகல் முழுக்கப் பிடித்தது. பீரோ, கட்டில், பித்தளைக் குடம் எல்லாம் ஒரு டிரெய்லரில் இருந்தன. அந்த டிரெய்லரை இழுத்து வந்த டிராக்டரும் சீர்தான். எழுபத்தெட்டாம் வருடத்து வண்டி, அவளைவிட மூன்று வயது மூத்தது. நகை போட வழியில்லாத அவள் அப்பா வேலுச்சாமி, வருசநாட்டுப் பக்கம் தான் உழுதுகொண்டிருந்த வண்டியையே மகள் பேருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார்.

மாப்பிள்ளை வீட்டு வாசலில் வந்து நின்ற வண்டி, ஓரமாக நிறுத்தலாம் என்றபோது கிளம்ப மறுத்தது. தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. "பொண்ணத் தந்தாக, சரி. இந்தப் பழைய இரும்ப எதுக்குத் தந்தாக?" என்று மாப்பிள்ளையின் அத்தை கேட்டாள். மாரீஸ்வரி பட்டுச்சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து, பேட்டரி முனையில் பூத்திருந்த பச்சையைச் சுரண்டி, கம்பியை இறுக்கினாள். வண்டி கிளம்பியது. அதற்குப் பிறகு அந்த அத்தை வண்டியைப் பற்றிப் பேசவில்லை. மருமகளைப் பற்றித்தான் பேசினாள்.

அது நடந்து இருபத்து மூன்று வருடம் ஆகிறது. கணவன் ஈஸ்வரபாண்டி ஜீப் ஓட்டுகிறான். காலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மலையேறினால் பொழுது சாயும்போதுதான் இறங்குவான். டிராக்டர் அவளுடைய பாடு. ஓட்டுவதும் அவள், பழுது பார்ப்பதும் அவள்.

வந்த புதிதில் அந்த வண்டிக்குச் சுருளிப்பட்டியில் சரியான வேலை இல்லை. ஊரைச் சுற்றித் திராட்சைத் தோட்டங்கள். கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, அதன்மேல் கொடியைப் படரவிட்ட பந்தல்கள். பந்தலின் உயரம் ஆறடி இருந்தால் அதிகம். டிராக்டரோ சைலன்சரையும் சேர்த்து ஏழடிக்கு மேல். உள்ளே மாட்டால்தான் உழுதார்கள். மாடு குறைந்த பிறகு ஆள் வைத்துக் கொத்தினார்கள்.

மாரீஸ்வரி வண்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குனிய வைத்தாள். ஒரே நாளில் செய்த வேலை இல்லை, ஏழெட்டு வருடம் ஆனது. முதலில் பின் சக்கரத்துக்குச் சின்ன டயர் மாட்டினாள். பிறகு சீட்டை நான்கு விரற்கடை இறக்கினாள். காற்று இழுக்கும் குழாயை பானெட்டின் பக்கவாட்டுக்குக் கொண்டுவந்தாள். ஸ்டீரிங் தண்டை அறுத்துக் குட்டையாக்கும் வேலையை மட்டும் பழனிசெட்டிபட்டியில் லேத் பட்டறை வைத்திருக்கும் பொன்னுராஜிடம் கொடுத்தாள். கடைசியாக, நெட்டுக்குத்தலாக நின்ற சைலன்சரைக் கழற்றி, வலது பக்கம் வளைத்து, வாயைத் தரை பார்க்க வைத்தாள். மேலே விட்டால் புகைச்சூட்டில் இலை கருகும். கீழே மண்தானே என்று நினைத்தாள்.

அன்றிலிருந்து வண்டிக்கு ஓய்வில்லை. அவளும் பந்தலுக்குள் குனிந்தே ஓட்டிப் பழகிவிட்டாள். வெளியே ரோட்டில் ஓட்டும்போதும் தலை லேசாகக் குனிந்திருக்கும்.

வண்டியிடம் ஒரு குறை இருந்தது. வண்டியைக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் வலுவில்லாதது. பத்துத் தடவை சாவி திருப்பினால் நான்கு தடவை பிடிக்கும். ஆகவே தோட்டத்துக்குள் போனால் வேலை முடியும்வரை இன்ஜினை அணைக்கமாட்டாள். பின்னால் மாட்டி மண்ணைக் கிளறும் ரொட்டவேட்டரில் கம்பியோ கொடியோ சுற்றிக்கொண்டால், அதைத் தூக்கி நிறுத்திவிட்டு, வண்டி நின்றுபோகாமலிருக்கக் கை ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் ஏற்றிவைத்துவிட்டு இறங்குவாள். பழைய வண்டி வைத்திருக்கும் எல்லாரும் செய்வதுதான்.

போன தை மாதம் ஊருக்கு ஒரு மினி டிராக்டர் வந்தது. மதன்குமார் என்பவன் வாங்கியிருந்தான். குட்டையாக, பளபளவென்று, கம்பெனியே பந்தலுக்கென்று அளவெடுத்துச் செய்ததுபோல இருந்தது. தோட்டக்காரர்கள் அதைச் சுற்றி வந்து பார்த்தார்கள். அதுவரை பந்தல் உழவென்றால் மாரீஸ்வரிதான். இனி அப்படி இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. ஒரு தோட்டம் கை மாறினால் மற்றதும் பின்னாலேயே போகும்.

அவளிடம் இருந்ததில் பெரிய தோட்டம் அம்மாவாசியுடையது. நான்கு ஏக்கர் பன்னீர் திராட்சை. ஊர் வழக்கத்தில் அவர் அவளுக்கு மாமா முறை. கொடிகளை வெட்டிவிடும் கவாத்து முடிந்ததும் அவள்தான் உள்ளே உழுதாள். உழுது பன்னிரண்டாம் நாள், அடுத்த வேலை எப்போது என்று கேட்கப் போனவள், தோட்டத்தில் சத்தம் கேட்டு நின்றாள்.

அம்மாவாசி சொட்டுநீர்க் குழாய் ஒன்றைக் கையில் தூக்கிப் பிடித்திருந்தார். எதிரே ஒச்சாண்டி தலைத்துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். பன்னிரண்டு வருடமாக அந்தத் தோட்டத்தில் வேலை பார்ப்பவர்.

"இங்கன பாரு ஆத்தா," என்று அம்மாவாசி அவளைக் கூப்பிட்டார். "நாலு எடத்துல குழாயக் கிழிச்சு வச்சிருக்கான். ஒரமெல்லாம் இதுலதான் கரைச்சு விட்டேன். அம்புட்டும் இந்த நாலு எடத்துல குடிச்சிருக்கு. கடைசிக் கொடிகளுக்கு ஒரு சொட்டு போகல. துளுக்குற நேரத்துல காயுது."

"நா வெட்டலங்கய்யா," என்றார் ஒச்சாண்டி.

"பெறகு குழா தானா வாயப் பொளந்துச்சா? மம்பட்டிய எடுத்தா கண்ணு எங்கன இருக்கும் ஒனக்கு?"

"கண்ணு மொகத்துலதேன் இருக்கு. வெட்டலங்குறேன்."

"திங்கக்கிழமையிலருந்து வராத. நா வேற ஆளப் பாத்துக்கிறேன்."

மாரீஸ்வரி குழாயை வாங்கிப் பார்த்தாள். மண்வெட்டி பட்டால் வெட்டு நேராக இருக்கும். இது அப்படி இல்லை. ஓட்டையைச் சுற்றிக் கறுப்புப் பிளாஸ்டிக் உதடுபோலப் பிதுங்கிச் சுருண்டு, ஓரம் மெலிந்திருந்தது. எரிந்து வழிந்த மெழுகுவர்த்தி அப்படி இருக்கும்.

மற்ற மூன்று இடங்களையும் போய்ப் பார்த்தாள். தேடவேண்டிய அவசியம் இருக்கவில்லை. உரத்தண்ணீர் குடித்த புல் அந்த இடங்களில் மட்டும் பச்சைப் பசேலென்று நின்றது. முதல் இடம், ரொட்டவேட்டரில் சுற்றிய கம்பியை அவள் பிடுங்கிய இடம். இரண்டாவது, அரிசி வாங்கவா என்று ஈஸ்வரபாண்டி போன் செய்தபோது நின்றது. மூன்றாவதில் தண்ணீர் குடித்தாள். நான்காவதில் மறுபடி கம்பி. நான்கிலும் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. நான்கிலும் சைலன்சரின் வாய் குழாய்க்கு நேர்மேலே இருந்திருக்கிறது.

சொல்வதற்கு முன் ஒருமுறை சோதித்துப் பார்த்துவிட நினைத்தாள். குழாயில் ஒரு முழத் துண்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஜீப்பும் ஈஸ்வரபாண்டியும் வீட்டில் இருந்தார்கள். அவள் டிராக்டரைக் கிளப்பி, சைலன்சருக்குக் கீழே குழாய்த் துண்டைப் போட்டு, ஆக்சிலேட்டரை வழக்கம்போல ஏற்றிவைத்தாள். இரண்டு நிமிடத்தில் குழாய் தளர்ந்து பளபளத்தது. மூன்றாம் நிமிடத்தில் உதடு பிதுங்கியது.

ஈஸ்வரபாண்டி பல் விளக்கிக்கொண்டே பார்த்தான். "சரி, தெரிஞ்சுபோச்சு. இனி சைலன்சரத் திருப்பிக்கிட்டு ஓட்டு. ஊரக் கூட்டிச் சொல்லணுமாக்கும்?"

"ஒச்சாண்டி அண்ணனப் போகச் சொல்லிட்டாக."

"அந்தாளு இல்லாம அம்மாவாசிக்கு ஒரு வாரம் ஓடாது. தானாக் கூப்புட்டுக்கிருவாரு. நீ போய்ச் சொன்னின்னு வையி, மதன்குமாரு நாளைக்கே வண்டிய அங்கன கொண்டாந்து நிப்பாட்டுவான்."

"நிப்பாட்டுவான்தான்."

"அப்பொறம் நீயும் என்கூட ஜீப்புல ஏலக்கா எடுக்க வா."

"ஒன் ஜீப்புலயா? பிரேக்க மொதல்ல நா பாத்துக் குடுத்தாத்தான் ஏறுவேன்," என்றாள்.

திங்கட்கிழமை காலையில் உருகிய துண்டோடு தோட்டத்துக்குப் போனாள். மதன்குமார் அங்கே ஏற்கெனவே இருந்தான். மேட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தான். ஒச்சாண்டி தன் மண்வெட்டியையும் தூக்குவாளியையும் எடுத்துப்போக வந்திருந்தார்.

"மாமா, குழாய வெட்டுனது அண்ணன் இல்ல. என் வண்டி," என்றாள். எங்கெங்கே நின்றாள், எதற்காக நின்றாள், எவ்வளவு நேரம் நின்றாள் என்று வரிசையாகச் சொன்னாள். துண்டை நீட்டினாள்.

அம்மாவாசி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தூணோரம் கிடந்த கிழிந்த குழாயோடு சேர்த்து வைத்துப் பார்த்தார். மதன்குமார் டம்ளரைக் கீழே வைத்தான்.

"அக்கா, அந்த வண்டிக்குப் பென்சன் குடுத்து ஒக்கார வச்சிருங்க," என்றான்.

"ஒன் வண்டி பேசப் பழகட்டும்டா, அப்பறம் பென்சனப் பத்திப் பேசுவோம்," என்றாள் அவள்.

அம்மாவாசி சிரிக்கவில்லை. "இனி அந்த வண்டி இங்கன வரவேண்டாம்த்தா. நீ நல்லவதான். வண்டி வேண்டாம்." பிறகு ஒச்சாண்டியின் பக்கம் திரும்பாமலே, "மேட்டு வாய்க்கால்ல அடப்பு இருக்கு, போய்ப் பாரு" என்றார். ஒச்சாண்டி தூக்குவாளியை மறுபடி தூணில் மாட்டினார். அவளைக் கடந்து போகும்போது, "ரெண்டு நாளாச் சோறு எறங்கல தாயி," என்று மட்டும் சொன்னார். அது நன்றி சொன்னதுபோல இல்லை.

அன்று மதியம்வரை அவள் நான்கு இடத்திலும் குழாயை அறுத்து ஜாயிண்ட் போட்டுக் கொடுத்தாள். யாரும் செய்யச் சொல்லவில்லை. யாரும் வேண்டாமென்றும் சொல்லவில்லை. அந்த வாரத்தில் மேலும் இரண்டு தோட்டக்காரர்கள் போனில் சாக்குச் சொன்னார்கள். ஒருவர், மழை வரும்போலிருக்கிறது என்றார். வானத்தில் ஒரு மேகமும் இல்லை.

மாரீஸ்வரி சைலன்சரையும் செல்ஃபையும் கழற்றிச் சாக்கில் கட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். கண்டக்டர் சாக்குக்கும் டிக்கெட் போட்டார்.

பொன்னுராஜ் லேத்தில் சாக்கைப் பிரித்துப் பார்த்து உச்சுக் கொட்டினார். "மேல விட்டா எல கருகும். கீழ விட்டா குழா உருகும். எங்கிட்டுத்தான் விடச் சொல்ற?"

"பின்னாடி, ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல."

"அங்கன விட்டா ரொட்டவேட்டர் மேலல்ல ஊதும்."

"ஊதட்டும். அதுவும் இரும்புதான."

"அம்புட்டு நீளக் குழா போட்டா இன்ஜினுக்கு மூச்சு முட்டும்மா. இழுக்காது."

"அப்பக் குழாயப் பெருசாப் போடுங்க."

அவர் கொஞ்ச நேரம் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுப் பார்த்தார். கடைசியில் ஒரு லாரியிலிருந்து கழித்துப் போட்ட அகலக் குழாயை அறுத்து, மூன்று வளைவு வைத்து வெல்டிங் செய்தார். செல்ஃபுக்குள் தேய்ந்திருந்த கார்பன் பிரஷ்ஷுக்கு அதே அளவில் எங்கும் கிடைக்கவில்லை. வேறு வண்டியுடையதை வாங்கி அரம் போட்டுத் தேய்த்துப் பொருத்தினார். பத்துக்கு நான்காக இருந்தது பத்துக்கு ஏழானது. பத்துக்குப் பத்து ஆகாது என்று அவரே சொல்லிவிட்டார்.

அடுத்த வாரம் அவள் அம்மாவாசியின் தோட்டத்து வாசலில் வண்டியை நிறுத்தினாள். உள்ளே போகவில்லை. "மாமா, ஒரு குழாத் துண்டக் கொண்டாங்க. எங்கன வேணும்னாலும் போடுங்க," என்றாள்.

அம்மாவாசி வரவில்லை. ஒச்சாண்டிதான் துண்டோடு வந்தார். பழைய சைலன்சர் வாய் இருந்த இடத்துக்குக் கீழே ஒரு துண்டு, அந்தப் பக்கம் ஒரு துண்டு, சக்கரத்தை ஒட்டி ஒரு துண்டு என்று மூன்று போட்டார். போனில் நேரம் வைத்தார். பத்து நிமிடம் இன்ஜின் ஓடியது. அதற்குள் அம்மாவாசி வந்து பின்னால் நின்றிருந்தார். ஒச்சாண்டி மூன்று துண்டையும் விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு அவரிடம் நீட்டினார். அவரும் அமுக்கிப் பார்த்தார்.

"மேட்டுல ரெண்டு ஏக்கர மதனுகிட்டச் சொல்லிட்டேன். சொன்னது சொன்னதுதான்," என்றார். "கீழ ரெண்டு ஏக்கர் இருக்கு. களிமண்ணு. அவன் வண்டி அங்கன தெணறுது. வேணும்னா ஓட்டு."

"சரி மாமா," என்றாள்.

கீழ்த் தோட்டம் வாய்க்காலைப் பார்த்துச் சரிந்திருக்கும். மண் இறுகிக் கிடந்தது. மூன்றாவது வரிசையில் ரொட்டவேட்டர் ஒரு பழைய கம்பியை இழுத்துச் சுற்றிக்கொண்டது. மாரீஸ்வரி ரொட்டவேட்டரைத் தூக்கினாள். வண்டியைச் சரிவு பார்த்து நிறுத்தி, பிரேக்கைப் பூட்டினாள். கை ஆக்சிலேட்டரிடம் போன கையை எடுத்து, இன்ஜினை அணைத்தாள்.

பந்தலுக்குள் குளவியின் சத்தம் கேட்டது. ஓட்டும்போது அவள் அதைக் கேட்டதே இல்லை. ரொட்டவேட்டரைத் தூக்கும் லிஃப்ட்டும் பழையதுதான். இன்ஜின் நின்றால் தூக்கி வைத்த ரொட்டவேட்டர் மெல்ல மெல்லத் தரை இறங்கும். இறங்கிவிட்டால் வண்டியைச் சரிவில் உருட்டிக் கிளப்ப முடியாது. அவள் ஒரு கொக்கியைக் கம்பியில் மாட்டி, அதை வேகமாக உருவினாள். வரிசையின் முனையிலிருந்து ஒச்சாண்டி பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். செல்ஃப் ஒருமுறை முனகிவிட்டு நின்றது. மறுபடி திருப்பவில்லை. கியரைப் போட்டு, கிளட்சை மிதித்து, பிரேக்கை விட்டாள். வண்டி சரிவில் தானாக நகர்ந்தது. ஒரு தூண் கடந்தது, இரண்டாவது தூண் கடந்தது. கிளட்சை விட்டாள். வண்டி ஒருமுறை குலுங்கி, உறுமிக்கொண்டு கிளம்பியது.

ஒச்சாண்டி குனிந்து, வண்டி நின்றிருந்த இடத்தில் குழாயைத் தொட்டுப் பார்த்தார். பிறகு எழுந்து, அடுத்த வரிசைக்கு வா என்று கையைக் காட்டினார்.