இரண்டடி பிந்திய விசில்

மாயவரத்துக் கூடைப்பந்துக் கோப்பை மே மாதத்தில் நடக்கும். காவிரி வெறும் மணலாகக் கிடக்கும் மாதம் அது. மேட்டூர் அணை திறக்க இன்னும் நாள் இருக்கும். வயலில் உழவும் இல்லை, நடவும் இல்லை. சுற்றுவட்டாரக் கிராமங்களே திரண்டு வந்து மைதானத்தில் நிற்கும். கிழக்குப் பக்கம் நாற்காலி. அதற்கு டிக்கெட் உண்டு. மேற்குப் பக்கம் சவுக்குக் கம்பு நட்டுக் கயிறு கட்டியிருப்பார்கள். நின்றபடி சும்மா பார்க்கலாம். கிழக்கே யார் உட்காருவது, மேற்கே யார் நிற்பது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்கத் தேவையும் இருந்ததில்லை.

இந்த இரண்டு பக்கத்துக்கும் நடுவே விசிலோடு ஓடியவர் கீழவடகுடி இளையபெருமாள்.

உயரம் ஐந்தடி நாலு அங்குலம். அரசு விடுதியில் தங்கிப் படித்த காலத்தில் கூடைப்பந்தின் மேல் உயிராக இருந்தார். ஆனால் எந்த அணியிலும் அவரை எடுக்கவில்லை. ஆட முடியாதவர் விதிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டார். அதை வரி வரியாகப் படித்து, தஞ்சாவூரில் நடந்த நடுவர் தேர்வில் முதல் முயற்சியிலேயே தேறினார். உடற்பயிற்சி ஆசிரியர் வேலையும் கிடைத்தது. அவருடைய அம்மா ராமாயியும் அண்ணன் மருதையனும் பெரிய பண்ணை வைரக்கண்ணுவின் வயலில் உழைத்தவர்கள். பண்ணைக் கொல்லையில் அவர் பெயர் "டேய் பெருமாளு". ஆட்டக்களத்தில் ஆறடி உயர ஆட்டக்காரன்கூடக் குனிந்து, "சார், அது ஃபவுல் இல்ல சார்" என்பான். அந்த 'சார்' ஒன்றுக்காகவே எத்தனை மைல் வேண்டுமானாலும் ஓடலாம் என்று அவருக்குத் தோன்றும்.

வைரக்கண்ணுவின் மகன் சாரங்கபாணி ஊர் கிளப் அணியின் நட்சத்திரம். ஒல்லியான உடம்பு, பந்தைத் தரையில் தட்டியபடி அவன் உள்ளே புகுந்தால் எதிரணி இரண்டாகப் பிளக்கும். எழுபத்திரண்டாம் ஆண்டு இறுதி ஆட்டத்தில் கிளப்பும் திருச்சியிலிருந்து வந்த ஒரு ஆலை அணியும் மோதின. ஆலை அணியில் இருந்தவர்கள் கூலித் தொழிலாளர்கள் என்பதால் மேற்குப் பக்கம் முழுக்க அவர்கள் கட்சி. அந்த வருஷம் ஊரில் வேறொரு மோதலும் இருந்தது. உச்சவரம்புக்கு மேல் இருந்த நிலத்தைப் பண்ணை தன் மாட்டுக்காரன் பெயரிலும் சமையல்காரன் பெயரிலும் பினாமியாக எழுதி வைத்திருக்கிறது என்று விவசாயத் தொழிலாளர் சங்கம் மனுக் கொடுத்திருந்தது. சங்கத்தின் கிளைச் செயலாளர் மருதையன்.

ஆட்டம் முடிய நாலு வினாடி. ஆலை அணி ஒரு புள்ளி முன்னால். சாரங்கபாணி எம்பிப் பந்தை விட்டபோது ஒரு கை அவன் மணிக்கட்டில் விழுந்தது. 'சத்'தென்ற ஓசை இளையபெருமாள் காதுக்கே கேட்டது. விசிலை ஊதினார். இரண்டு ஃப்ரீ த்ரோ. சாரங்கபாணி இரண்டையும் போட்டான். கோப்பை கிளப்புக்குப் போனது.

மேற்கிலிருந்து மண்ணாங்கட்டிகள் பறந்து வந்தன. ஒன்று அவர் தோளில் பட்டு உடைந்தது.

"பண்ணைச் சோறு பேசுதுடா!" என்று ஒரு குரல். யாருடையது என்று அவருக்குத் தெரியும், கூடவே வளர்ந்தவன்.

மருதையன் கட்டி எதுவும் எறியவில்லை. பேச்சை நிறுத்திக்கொண்டார், அவ்வளவுதான். ஒரே வீட்டுக்குள் மூன்று மாதம் இருவருக்கும் நடுவே ராமாயிதான் சேதி கொண்டுபோனாள். அதன் பிறகு பேச்சு வந்தது. ஆனாலும் "சாப்பிட்டியா"வுக்கு மேல் போகவில்லை. "பாத்ததத்தானே ஊதினேன்" என்று இளையபெருமாள் மனைவி அம்சத்திடம் சொல்வார். அவளும், "சரிதாங்க. ஆனா நீங்க பாத்தத அவங்க யாரும் பாக்கலையே" என்பாள்.

மூன்று வருஷம் கழித்து, எழுபத்தைந்தில், அதே இரண்டு அணிகள் மறுபடியும் இறுதி ஆட்டத்துக்கு வந்தன. இளையபெருமாளோடு இன்னொரு நடுவர் ஹபீப் முகம்மது. தபால் நிலைய எழுத்தர், இவர் வயதுதான். ஆட்டத்துக்கு முன்னால் பந்தை அமுக்கிப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு யார் கட்டி எறிவாங்கன்னு நெனக்கிற, பெருமாள்?" என்று கேட்டுச் சிரித்தார்.

இந்த முறை கடைசி ஆறு வினாடி. ஆலை அணி ஒரு புள்ளி முன்னால். கிளப் வளையத்துக்கடியில் பந்தைப் பறித்த கிளப் ஆட்டக்காரன் ஒருவன் அதை நீளமாக வீசினான். சாரங்கபாணி ஏற்கெனவே எதிர்ப்பக்கம் பறந்துகொண்டிருந்தான். இளையபெருமாள் திரும்பி ஓடினார். வளையத்துக்கு முன்னால் ஆலை அணியின் ஒன்பதாம் நம்பர் நின்றான். நின்றானா, நகர்ந்துகொண்டிருந்தானா? அங்கேதான் எல்லாமே இருந்தது. தடுப்பவன் காலை ஊன்றி நின்றிருந்தால் மோதியவன் குற்றவாளி. கால் நகர்ந்திருந்தால் தடுத்தவன் குற்றவாளி. அந்த இடத்தில் நடுவர் முகத்தைப் பார்க்கக் கூடாது, பந்தைப் பார்க்கக் கூடாது; காலைத்தான் பார்க்க வேண்டும். இளையபெருமாள் இரண்டடி பிந்தியிருந்தார். நடுவே இன்னொருவனின் முதுகு மறைத்தது. இடித்த ஓசை கேட்டது. இருவரும் விழுவது தெரிந்தது. பந்து வளையத்தைச் சுற்றி உள்ளே இறங்கியது.

விசிலை ஊதிவிட்டார். ஊதிய பிறகு கை ஏதாவது ஒன்று சொல்லியாக வேண்டும். மைதானமே அந்தக் கையைப் பார்த்தது. கை பின்னந்தலைக்குப் போனது, மோதியவன்மேல் குற்றம். கூடை செல்லாது.

ஆலை அணி வென்றது. மேற்குப் பக்கம் கயிற்றை அறுத்துக்கொண்டு உள்ளே வந்தது. அவரைத் தோளில் தூக்கினார்கள். வென்ற அணிக்கு வாங்கி வைத்திருந்த மாலை அவர் கழுத்தில் விழுந்தது. மருதையன் கூட்டத்தைப் பிளந்து வந்து தம்பியைக் கட்டிக்கொண்டார், கண் கலங்கியிருந்தது. "பண்ணையான் மவனையே நிறுத்திட்டியேடா!" என்றார். மூன்று வருஷத்தில் அவர் தம்பியிடம் பேசிய மிக நீளமான வாக்கியம் அது.

மாலையின் ஈரம் இளையபெருமாளின் சட்டையில் இறங்கியது. ஒன்பதாம் நம்பரின் கால் எங்கே இருந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. அதைவிட இன்னொன்று அவரைக் குடைந்தது: தெரியாத கை ஏன் இந்தப் பக்கம் போனது? அந்தப் பக்கம் ஏன் போகவில்லை?

மறுநாள் காலை தபால் நிலையத்துக்குப் போனார். ஹபீப் முத்திரை குத்திக்கொண்டிருந்தார்.

"ஹபீபு, உண்மையச் சொல்லு. அவன் கால நீ பாத்தியா?"

"நான் உனக்கும் பின்னாடி வந்துகிட்டிருந்தேன். எப்படிப் பாக்கறது? ஊதினே, முடிஞ்சுது. நடுவர் தீர்ப்பே இறுதின்னு நீதானே எல்லாருக்கும் படிச்சுக் காட்டுவே?"

"தீர்ப்பு இறுதிதான். நான் பாக்கலங்கறதும் இறுதிதானே?"

ஹபீப் முத்திரையைக் கீழே வைத்தார். "இப்ப என்ன பண்ணப் போறே?"

"சாரங்கபாணிகிட்ட சொல்லப் போறேன்."

அதை முதலில் அண்ணனிடம் சொல்ல வேண்டியிருந்தது. நில வழக்கில் தாசில்தார் விசாரணைக்கு நாலு நாள்தான் இருந்தது. இந்த நேரத்தில் செயலாளரின் தம்பி பண்ணை வீட்டுக்குப் போனால் ஊர் என்ன பேசும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மருதையன் சங்கக் கொட்டகையில் சாட்சிகளின் பெயரை எழுதிக்கொண்டிருந்தார். தம்பி சொன்னதைக் கேட்டதும் பேனா நின்றது.

"உனக்குப் பைத்தியமாடா? ஜெயிச்சது நம்ம ஆளுங்க."

"ஜெயிச்சிருக்கலாண்ணே. ஜெயிக்காமலும் இருந்திருக்கலாம். எனக்குத் தெரியல. தெரியாம ஊதிட்டேன்."

"அந்த வீட்டுக்காரன் நமக்கு எத்தன தடவ தெரியாம செஞ்சிருக்கான்? ஒருத்தனாவது வந்து சொன்னானா?"

"சொல்லல. அதனாலதான் நாம சங்கம் வச்சிருக்கோம்."

மருதையன் அடுத்த சாட்சியின் பெயரை எழுதி முடித்தார். பிறகு தலை நிமிராமலே, "போ. ஆனா முன்வாசல் வழியாப் போ. கொல்லை வழியா மட்டும் போகாதே" என்றார்.

கீழவடகுடியிலிருந்து அதுவரை யாரும் அந்த வீட்டு முன்வாசலில் ஏறியதில்லை. நெல் மூட்டையானாலும் சேதியானாலும் கொல்லைப்புறம்தான். இளையபெருமாள் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு, பத்து மணி வெயிலில் பெரிய தெருவில் நடந்தார். இரண்டு பக்கமும் ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கம்பிக் கதவைத் தள்ளி முன்வாசல் படியேறினார்.

சாரங்கபாணி முழங்காலில் கட்டோடு வந்தான். ஒரு நொடி திகைத்தான். அப்புறம், "வாங்க சார்" என்றான்.

உள்ளே ஊஞ்சல் கிரீச்சிட்டது. "யாருடா அது?" என்று வைரக்கண்ணுவின் குரல்.

"ரெஃப்ரி சார் வந்திருக்கார்ப்பா."

ஊஞ்சல் நின்றது. இளையபெருமாள் நின்றுகொண்டே சொன்னார்: "நேத்து கடைசியா ஊதினேனே, அத நான் பாக்கல தம்பி. ரெண்டடி பின்னாடி இருந்தேன். ஊகத்துல கை தூக்கிட்டேன். முடிவை மாத்த என்னால முடியாது. ஆனா கூடைப்பந்துச் சங்கத்துக்கு எழுதப்போறேன். அதுக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்லணும்னு வந்தேன்."

சாரங்கபாணி கதவில் சாய்ந்தான். "ராத்திரி பூரா நானும் யோசிச்சேன் சார். அவன் நகந்தானா, நான்தான் தோளக் குடுத்தேனான்னு எனக்கே புரியல." முழங்காலைத் தடவிக்கொண்டு சிரித்தான். "என் பக்கத்து ஆளுங்க எல்லாரும் அவன் நகந்தான்னு சத்தியம் பண்றாங்க. ஒருத்தன்கூடப் பாக்கலன்னு சொல்லல. நீங்க ஒருத்தர்தான் சொல்றீங்க. உக்காருங்க சார், மோர் கொண்டுவரச் சொல்றேன்."

உட்காரவில்லை. மோரை மட்டும் நின்றபடி குடித்துவிட்டு, டம்ளரை அவன் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தார்.

மாவட்டக் கூடைப்பந்துச் சங்கத்துக்கு அன்றே கடிதம் எழுதினார். ஆட்ட முடிவு மாறாது என்று பதில் வந்தது; அது அவருக்குத் தெரிந்ததுதான். தன்னை ஒரு வருஷம் இறுதி ஆட்டங்களில் நிறுத்த வேண்டாம் என்று அவரே கேட்டிருந்தார். அதைச் சங்கம் உடனே ஏற்றுக்கொண்டது. இப்படிக் கடிதம் எழுதும் நடுவரை என்ன செய்வதென்று அவர்களுக்கும் விளங்கவில்லை போலும்.

அந்த ஒரு வருஷம் அவர் பள்ளிப் பிள்ளைகளின் ஆட்டங்களுக்கு விசில் ஊதினார். ஆறு வற்றிய மாதங்களில், விடிகாலையில் காவிரி மணலில் ஓடினார். கால் புதையும் மணலில் ஓடிப் பழகினால் சிமெண்டுத் தரையில் அந்த இரண்டடி கிடைத்துவிடும் என்பது அவர் கணக்கு. ஆற்றில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுக்க வந்தவர்கள் கேலி செய்தார்கள். "என்னங்க, மேட்டூருக்கே ஓடிப் போய்த் தண்ணி திறந்துடுவீங்கபோல" என்று அம்சமும் சேர்ந்துகொண்டாள். ஆனால் அவர் திரும்பும்போது கால் கழுவச் சுடுதண்ணீர் தயாராக இருக்கும்.

நில விசாரணை இழுத்துக்கொண்டே போனது. எழுபத்தேழில்தான் உத்தரவு வந்தது. கேட்டதில் பாதிகூட இல்லை. ஆனாலும் பதினொரு குடும்பங்களுக்குப் பட்டா கிடைத்தது. மருதையனுக்கு வாய்க்கால் கடைமடையில் முக்கால் ஏக்கர். முதல் குறுவை நடவன்று அண்ணனும் தம்பியும் சேற்றில் சேர்ந்தே நின்றார்கள். நாற்று முடியை எடுத்துக் கொடுத்தபடி மருதையன், "நீ அந்த வீட்டுக்குப் போயிட்டு வந்த மறுநாள் ஊர்க்காரங்க என்னைய நாக்கப் புடுங்கிக்கற மாதிரி கேட்டாங்கடா" என்றார்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"விசாரணையில நாம சொல்றத நம்பணும்னா, நம்ம வீட்டுல பொய் இருக்கக் கூடாதுன்னேன். அப்ப வாய்க்கு வந்தது. அப்புறம் யோசிச்சா சரியாத்தான் பட்டுது."

எழுபத்தெட்டு மே மாதம் இறுதி ஆட்டத்துக்கு மறுபடியும் இளையபெருமாளை அழைத்தார்கள். அவர் கேட்ட ஒரு வருஷம் மூன்றாகியிருந்தது. சாரங்கபாணிக்கு அது கடைசி வருஷம். முப்பதைத் தொட்டுவிட்டான், முழங்காலும் ஒத்துழைக்கவில்லை. முதல் முறையாக அம்சமும் மகளைக் கூட்டிக்கொண்டு ஆட்டம் பார்க்க வந்திருந்தாள். மேற்கில் மருதையன் பக்கத்தில் நின்றாள்.

இரண்டாம் பாதியில் பன்னிரண்டாவது நிமிடம். ஆலை அணிப் பையன் ஒருவன் கிளப் வளையத்தை நோக்கிப் பாய்ந்தான். சாரங்கபாணி குறுக்கே வந்தான். இந்த முறை இளையபெருமாள் அங்கே இருந்தார். மூன்றடித் தூரத்தில், இருவரின் காலும் தெளிவாகத் தெரியும் இடத்தில். சாரங்கபாணியின் இடது கால் தரையில் வழுக்கி நகர்ந்தது. விசில் ஒலித்தது. அது அவனுடைய ஐந்தாவது ஃபவுல்; ஆட்டத்தைவிட்டு வெளியேற வேண்டும்.

கிழக்கு எழுந்து கத்தியது. சாரங்கபாணி தன் காலைப் பார்த்தான், நடுவரைப் பார்த்தான். ஃபவுல் செய்தவன் கையைத் தூக்க வேண்டும் என்பது அக்கால விதி. பலர் முழங்கை உயரத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். சாரங்கபாணி கையை முழுசாகத் தூக்கினான்.

"சரிதான் சார்" என்று சொல்லிவிட்டு நொண்டியபடி பெஞ்சுக்கு நடந்தான்.

கத்தல் அடங்கியது. மேற்கில் முதலில் கை தட்டியது யார் என்று இளையபெருமாள் பார்க்கவில்லை, பார்க்கவும் கூடாது. கயிற்றுக்கு அந்தப் பக்கமிருந்து தொடங்கிய கைதட்டல் நாற்காலிகளுக்கும் பரவி, சாரங்கபாணி துண்டைப் போர்த்திக்கொண்டு உட்காரும் வரைக்கும் நீடித்தது. இளையபெருமாள் பந்தை வாங்கி, சட்டையில் வியர்வைக் கையைத் துடைத்து, ஃப்ரீ த்ரோ போட வந்த பையனிடம் கொடுத்தார். ஆட்டத்தில் இன்னும் எட்டு நிமிடம் பாக்கி இருந்தது. மனசு லேசாக இருந்தது, காலும்தான்.