ஏழு பேரின் ஈறுகள்

கம்பவுண்டருக்கென்று ஒரு பெயர் இருந்தது. பெற்றவர்கள் யோசித்து வைத்த, கேட்கவும் நன்றாக இருக்கிற பெயர். பள்ளிக்கூடத்தை விட்டு வந்ததோடு அந்தப் பெயருக்கு வேலையில்லாமல் போய்விட்டது. தெருவுக்கு அவர் கம்பவுண்டர். மனைவிக்கு 'என்னங்க'. மனைவியின் தம்பிக்கு, எதிரில் இருந்தால் மாமா, முதுகைத் திருப்பினால் மாத்திரை.

அவர் வேலை பார்த்த மருந்துக் கடை ஒரு ஆள் கையை நீட்டினால் இரண்டு சுவரையும் தொட்டுவிடும் அகலம்தான். முன்னால் ஒரு மரப் பலகை. எத்தனையோ பேர் முழங்கை ஊன்றி ஊன்றி அது கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. பின்னால் வரிசையாகச் சீசாக்கள், ஒரு சின்னத் தராசு, பொடி மடிக்கிற காகிதத் துண்டுகள். யாராவது பலகையில் முழங்கையை வைத்துக் குரலைத் தாழ்த்தினால் போதும், கம்பவுண்டர் உடனே தலையைக் குனிந்து காகிதம் மடிக்க ஆரம்பித்துவிடுவார். குனிந்த தலையிடம் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். அரிப்பு, மூலம், படுக்கையில் வருகிற சங்கடம், எல்லாமே அந்தத் தலையிடம் சொல்லப்பட்டன. அவர் நிமிர்ந்து முகத்தைப் பார்க்க மாட்டார். மருந்தைப் பலகையில் வைத்து நகர்த்துவார். விஷயம் அவர் வயிற்றோடு சரி. தெருவில் பாதிப்பேர் அவரைக் கடவுளாக மதித்தார்கள். மீதிப் பாதிக்கு இன்னும் வியாதி வரவில்லை.

இந்தப் புகழ்தான் அவரை வனாந்தரத்துக்குக் கொண்டுபோனது.

ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவர் அந்த ஊரில் இருந்தார். சண்டையெல்லாம் தீர்ந்துபோனதால் அவருக்குப் பொழுது போகவில்லை. ஊரின் ஆறு எங்கே பிறக்கிறது என்று கண்டுபிடிக்கக் கிளம்பினார். ஆறு ஒழுங்காக ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதைப் பற்றி யாரும் புகார் சொல்லவில்லை. ஆனாலும் கிளம்பினார். கூட வருகிறீர்களா என்று கேட்டபோது ஊரிலுள்ள டாக்டர்கள் எல்லோருக்கும் அந்தச் சமயம் பார்த்து முக்கியமான வேலை வந்துவிட்டது. அதனால் மருந்துக் கடைக்கு வந்தார்.

"உங்ககிட்ட சொன்னா வெளிய போகாதாமே?"

"போகாதுங்க," என்றார் கம்பவுண்டர், காகிதத்தை மடித்தபடி.

"அப்போ நீங்கதான் என் ஆளு. வாங்க, ஒண்ணு காட்டறேன்."

வாசலில் நின்ற வண்டியில் ஒரு கருங்கல் பலகை கிடந்தது. முகம் பார்க்கலாம் போல மெருகேற்றியிருந்தார்கள். 'இந்த ஆறு இங்கே பிறக்கிறது. முதலில் கண்டவர்கள்' என்று வெட்டி, கீழே ஆறு பெயர்கள். கடைசி வரி காலி.

"அந்த இடம் வைத்தியம் பாக்கறவருக்கு. உங்க பேரு என்ன?"

கம்பவுண்டருக்கு அது ஞாபகம் வரக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு சொன்னார். தன் பெயரைக் கல்லில் வெட்டுவார்கள் என்று அவர் கனவுகூடக் கண்டதில்லை. செத்தாலும் வெட்ட மாட்டார்கள் என்றுதான் நினைத்திருந்தார்.

வீட்டில் மனைவி அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டாள். "ஆறு எங்க பொறந்தா நமக்கென்னங்க? நீங்க போய் தொட்டிலா ஆட்டப் போறீங்க?"

"கல்லுல பேரு போடறாங்க."

"பேரு போட்டா? அந்தக் கல்லைப் படிக்க அங்க யாரு இருக்கா, ஓணானா?"

அவள் தம்பி கட்டிலில் சாய்ந்தபடி சிரித்தான். "மாமா, இருமல் மருந்து இருக்கிற மேல் தட்டைத் தவிர நீங்க எந்த உசரத்துக்கு ஏறியிருக்கீங்க? விடு அக்கா. போயிட்டு வரட்டும். திரும்பி வந்தா ஊருக்கு ஒரு ஆறு லாபம்."

அந்தச் சிரிப்புதான் கம்பவுண்டரின் மூட்டையைக் கட்டியது.

பாதை முடிகிற கடைசி ஊர் வரை எல்லாம் சுகம்தான். ஏழு பேர்: தலைவரான ராணுவ அதிகாரி, சர்வேயர், போட்டோக்காரர், சமையல்காரர், கோவேறு கழுதை ஓட்டுகிற அண்ணன் தம்பி இருவர், கம்பவுண்டர். அங்கே சத்திரத்து வாசலில் சுமையைக் கழுதைகள் மேல் ஏற்றியபோதுதான் கணக்கு இடித்தது. ஏதாவது ஒன்றை விட்டுவிட வேண்டும். கல்லுக்கே ஒரு கழுதை தேவைப்பட்டது. கல்லுக்குப் பக்கத்தில் எலுமிச்சைச் சாறு அடைத்த பாட்டில்களோடு ஒரு பெரிய பெட்டி.

"கம்பவுண்டர், இந்தச் சாறு கண்டிப்பா வேணுமா?" என்று கேட்டார் தலைவர்.

கம்பவுண்டர் பரீட்சைக்கு அவர் அதைப் படித்திருந்தார். பழமும் பச்சைக் காய்கறியும் இல்லாமல் மாதக்கணக்கில் போனால் உடம்பு உள்ளே இருந்து அழுக ஆரம்பிக்கும், மாற்றுக்கு எலுமிச்சை. அந்த ஒரு பதிலால்தான் அவர் தேறியதே. அதைச் சொல்ல வாயெடுத்தார். பார்வை கல்லின் கடைசி வரிக்குப் போனது. வெட்டிய எழுத்துகளில் வெள்ளைத் தூள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"உங்க இஷ்டம்ங்க," என்றார்.

பெட்டி சத்திரக்காரருக்குப் போனது. அவர் குடும்பம் அந்த வருஷம் முழுக்க ஒரு தும்மல்கூட இல்லாமல் இருந்ததாகப் பின்னால் கேள்வி.

அதற்கப்புறம் மேட்டு நிலம். பச்சை என்பதே இல்லை. இலையை எல்லாம் எங்கேயோ தொலைத்துவிட்ட முள்செடிகள், அவற்றை உலுக்கிக்கொண்டே இருக்கிற குளிர்காற்று. சாப்பாட்டுக்குப் பிஸ்கட், சோறு, பருப்பு, காய்ந்த கறி. மறுநாளும் அதே.

தினமும் காலையில் தலைவர் எல்லோரையும் வரிசையில் நிறுத்துவார். கையில் ஒரு உளி.

"யாருக்காவது உடம்பு சரியில்லையா? தாராளமா சொல்லலாம். சொன்னவன் பேரைக் கல்லுலேருந்து கொத்தி எடுத்துட்டு, ஆளைக் கூடாரத்துல விட்டுட்டுப் போயிடுவேன். யாருக்காவது இருக்கா?"

"இல்லை!" என்று தலைவர் குரலோடு சேர்த்து ஏழு குரல்கள். உலகத்திலேயே இவ்வளவு ஆரோக்கியமான கூட்டம் வேறெங்கும் இருந்திருக்காது.

வரிசை கலைந்ததும் ஆரோக்கியசாலிகள் ஒவ்வொருவராகச் சுள்ளி பொறுக்கப் போகிற சாக்கில் சுமைமூட்டைகளுக்குப் பின்னால் வருவார்கள். கம்பவுண்டர் அங்கே தலையைக் குனிந்து காகிதம் மடித்துக்கொண்டிருப்பார்.

"கால் ரெண்டும் கடுக்குது," என்றார் சர்வேயர். "தலைவர் காதுக்குப் போச்சுன்னா நான் செத்தேன்."

வலிக்கு மாத்திரை.

"எப்பவோ வெட்டுப்பட்ட தழும்புங்க, சின்ன வயசுல. அது இப்போ திரும்பப் பிளந்துக்கிச்சு," என்றான் கழுதைக்காரர்களில் அண்ணன். "தம்பிக்குத் தெரிய வேண்டாம்."

களிம்பு. தம்பிக்குக் காரணமில்லாத அசதி; அண்ணனுக்குத் தெரிய வேண்டாம். சத்து டானிக். போட்டோக்காரருக்கு மூக்கில் ரத்தம். பஞ்சு. சமையல்காரருக்குப் பல்வலி. கிராம்பு எண்ணெய்.

தலைவரும் வந்தார். "எனக்கு ஒண்ணுமில்ல," என்று ஆரம்பித்தார். "தொடையில கறுப்புக் கறுப்பா ஏதோ. கழுதை உதைச்சிருக்கும். நீங்க யாருகிட்டயும்..."

"சொல்ல மாட்டேங்க."

எந்தக் கழுதையும் உதைக்கவில்லை; அவற்றுக்கும் தெம்பில்லை. ஆறு பேருக்கு ஆறு வியாதி என்று கம்பவுண்டர் ஆறு மருந்து கொடுத்தார். ஒருவர் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கடைப் பழக்கம். பழக்கத்தை ஊரில் விட்டுவிட்டு வர, அது என்ன எலுமிச்சைச் சாறா?

அவருக்கே கடைவாயில் வலி வந்தது. வழக்கப்படி அதையும் யாருக்கும் சொல்லவில்லை, தனக்குக்கூட. கன்னம் வீங்கியதும் குளிருக்கு என்று மஃப்ளரைச் சுற்றிக்கொண்டார். அப்போது பார்த்தால் ஏழு பேருமே மஃப்ளரில் இருந்தார்கள். பேச்சு முணுமுணுப்பாகச் சுருங்கிவிட்டது. பிஸ்கட்டை எல்லோரும் டீயில் ஊறப்போட்டுக் கூழாக்கிக் குடித்தார்கள். அதுதான் நாகரிகம் என்று தலைவர் விளக்கம் கொடுத்தார்.

வீக்கம் கம்பவுண்டரின் தாடையைத் தாண்டிக் கழுத்துக்கு இறங்கியது. காய்ச்சல் அடித்தது. எச்சில் விழுங்கினால் உயிர் போய் வந்தது. அவர் தெருவில் ஒரு வண்டிக்காரன் இப்படித்தான், சொத்தைப் பல்லை யாருக்கும் காட்டாமல் வைத்திருந்து, கழுத்து வீங்கி மூச்சு முட்டிச் செத்தான். அவனுக்குக் கிராம்பு எண்ணெய் கொடுத்ததே கம்பவுண்டர்தான், தலையைக் குனிந்தபடி. படுக்கையில் கிடந்து, சொல்வது, சொல்லாமல் இருப்பது இரண்டையும் நினைத்துப் பார்த்தார். சொன்னால் கல்லில் பெயர் போகும். சொல்லாவிட்டால் பெயர் இருக்கும், ஆள் போகும். இவ்வளவு சுலபமான கணக்குக்கு அவருக்கு விடியும்வரை ஆனது.

காலையில் வரிசை.

"யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"இல்லை!" ஆறு குரல்கள்.

"எனக்கு இருக்குங்க."

தலைவர் உளியைக் கீழே இறக்கினார். "உங்களுக்கா? நீங்கதானே வைத்தியம் பாக்கறவர்?"

"பல்லைப் பிடுங்கணும். இல்லன்னா நான் தங்க மாட்டேன்."

முக்காலியின் திருகைத் திருப்புகிற குறடு சர்வேயரிடம் இருந்தது. அதை வெந்நீரில் கொதிக்க வைத்தார்கள். படுக்க வைக்கச் சமதரையான இடமே இல்லை. கடைசியில் கல்லை இறக்கி அதன்மேல் கிடத்தினார்கள். தன் பெயரின் மேலேயே தலையை வைத்து, நல்ல வெயிலில், கம்பவுண்டர் வாயைத் திறந்தார். மற்றவர்கள் சுற்றிக் குனிந்தார்கள்.

சர்வேயர் காலை ஊன்றிக்கொண்டு குறட்டை இறுக்கினார். இழுக்கவே வேண்டியிருக்கவில்லை. ஈரச் சேற்றில் நட்ட குச்சி மாதிரிப் பல் கையோடு வந்தது. பக்கத்துப் பல்லும், கூப்பிடாமலே துணைக்கு வந்தது. சீழும் ரத்தமும் வடிந்தன. உள்ளே ஈறு முழுக்க ஊதா நிறத்தில் பஞ்சு மாதிரி உப்பியிருந்தது.

சமையல்காரர் தன் மஃப்ளரைக் கீழே இறக்கினார்.

"எனக்கும் இதே மாதிரிதான் இருக்கு," என்றார் சமையல்காரர்.

"உனக்குமா?" என்றார் போட்டோக்காரர்.

"அண்ணே, எனக்கும்," என்றான் தம்பி. "டேய், சொல்லவேயில்ல?" என்றான் அண்ணன், தானும் சொல்லாதவன்.

கம்பவுண்டர் மல்லாந்து கிடந்தார். வாழ்க்கையில் முதல்தடவையாக நோயாளிகளின் முகங்களைக் கீழேயிருந்து மேல்நோக்கிப் பார்த்தார். பேசுகிற ஒவ்வொரு வாயிலும் அதே ஊதா. பரீட்சையில் எழுதிய பதில் அப்போதுதான் தலைக்குள் வந்து உட்கார்ந்தது.

"எல்லாரும் வாயைத் திறங்க," என்றார். அவர் ஒருத்தருக்குப் போட்ட முதல் உத்தரவு.

தலைவர் மட்டும் திறக்கவில்லை. "நான் இன்னும் பல் தேய்க்கலை."

"மீசையைத் துடைச்சுட்டுச் சொல்லுங்க," என்றார் கம்பவுண்டர்.

தலைவர் துடைத்தார். கை சிவந்தது. திறந்தார். அந்த ஏழில் மோசமான வாய் அதுதான். எதிலும் முன்னால் நிற்கிற மனுஷர் அல்லவா.

"ஆறு வியாதி இல்லைங்க, ஒரே வியாதி. ஆளாளுக்கு ஒரு துண்டை ஒளிச்சு வச்சிருந்தீங்க. நான் நிமிர்ந்து பாக்கலை. பச்சையா எதையாவது தின்னணும். கீழ பள்ளத்தாக்குக்கு இறங்கணும்."

"திரும்பறதா? ஆறு இதோ அந்த மலைக்குப் பின்னாடிதான்!"

"ஆறு அங்கயேதான் இருக்கும். நாம இருக்க மாட்டோம்."

"அப்போ உங்க பேரைக் கொத்தி எடுக்கணுமே."

"எடுங்க. அப்படியே மத்த ஆறையும் எடுங்க."

தலைவர் உளியையும் கல்லையும் பார்த்தார். அந்தக் கணக்குப்படி அது வெறுங்கல்லாகிவிடும். உளியைப் பையில் போட்டுக்கொண்டார். கல்லைத் திரும்பச் சுமக்கக் கழுதை அடியோடு மறுத்துவிட்டதால், அதை இருந்த இடத்திலேயே நிமிர்த்தி நட்டார்கள். 'இந்த ஆறு இங்கே பிறக்கிறது' என்று சொல்லிக்கொண்டு, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாத பொட்டலில் அது நிற்கிறது.

பள்ளத்தாக்கில் புளிப்பான காட்டுப் பழமும் கீரையும் கிடைத்தன. ஒரு பக்கம் கழுதைகள், ஒரு பக்கம் ஆராய்ச்சியாளர்கள் என்று மேய்ந்தார்கள். கொஞ்ச நாளில் ரத்தம் நின்றது. விழுந்த பற்கள் மட்டும் விழுந்தது விழுந்ததுதான்; கம்பவுண்டருக்கு முன்பற்களும் போயிருந்தன.

ஊரில் பாராட்டு விழா. மேடையில் ஏழு பேரும் உதட்டை இறுக்கி மூடியபடி போட்டோவுக்கு நின்றார்கள். என்ன மன உறுதி பாருங்கள் என்று மறுநாள் பத்திரிகை வியந்தது. தலைவர் பேசினார். ஆறு பிறக்கும் இடத்தில் கல்லை நட்டாயிற்று என்றார். அடுத்த பயணம் அதற்கும் அப்பால். வர விரும்புகிற வாலிபர்கள் பெயர் கொடுக்கலாம். "இத்தனை மாசத்துல ஒருத்தருக்கும் ஒரு தலைவலிகூட இல்லை. வேணும்னா கம்பவுண்டரையே கேளுங்க. அடுத்த கல்லுல முதல் பேரே அவர் பேருதான்."

கீழே வாலிபர்கள் முண்டியடித்தார்கள். முதல் வரிசையில் மனைவி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் தம்பி இந்தத் தடவை சிரிக்கவில்லை. முதல் பெயர். கம்பவுண்டர் எழுந்து ஒலிபெருக்கிக்கு முன்னால் வந்து, பழக்கதோஷத்தில் தலையைக் குனிந்தார். மடிக்கக் கையில் காகிதம் இல்லை. நிமிர்ந்தார்.

"மத்தவங்க விஷயம் நான் சொல்ல மாட்டேங்க. அது என் தொழில் இல்லை. என் விஷயம் மட்டும் சொல்றேன்."

வாய்க்குள் விரலை விட்டுப் பல்செட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அதற்கப்புறம் வந்த பேச்சு பாதிக் காற்றாக வந்தாலும் எல்லோருக்கும் புரிந்தது.

"போறவங்க எலுமிச்சைச் சாறு எடுத்துட்டுப் போங்க. இடம் இல்லன்னா கல்லை இறக்கிடுங்க."

மேடையில் மற்றவர்கள் உதட்டை இன்னும் இறுக்கினார்கள். வாலிபர்களின் வரிசை மளமளவென்று மெலிந்தது. அடுத்த கல்லில் கம்பவுண்டர் பெயர் இல்லை என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது.

விழா முடிந்து மனைவியோடு வீட்டுக்கு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவர் பெயரைச் சொல்லி, "உள்ள வாங்க," என்றாள். கல்யாணமான நாளிலிருந்து முதல்தடவை. அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. சொன்னதற்கு வெட்கப்பட்டுக்கொண்டு, "கூழ்தான் வச்சிருக்கேன். கடிக்கிற சங்கதியெல்லாம் இனி உங்களுக்குக் கிடையாது," என்று அடுக்களைக்குள் போய்விட்டாள்.

கடையில் வியாபாரம் கொஞ்சம் குறைந்தது. ஆள் நிமிர்ந்து முகத்தைப் பார்க்கிறார், போதாததற்கு நாக்கை நீட்டச் சொல்கிறார் என்று தெருவில் குறைப்பட்டுக்கொண்டார்கள்.

இரண்டாவது பயணம் அடுத்த வருஷம் கிளம்பியது. புதுக் கல் முந்தியதைவிடப் பெரியது. அதை ஏற்றுகிறபோது வேடிக்கை பார்க்கப் போன மனைவியின் தம்பி மூச்சிரைக்கக் கடைக்கு ஓடி வந்தான்.

"மாமா, எலுமிச்சைச் சாறு பெட்டி பெட்டியாப் போகுது! எதுக்குங்க இவ்வளவுன்னு தலைவர்கிட்டயே கேட்டேன். வழியில விருந்தாளிங்க வந்தா கொடுக்கவாம்!"

"வரட்டும்," என்றார் கம்பவுண்டர். "நீ வாயைத் திற. வந்ததுலேருந்து ஒரு பக்கமாவே பேசறே."