இடி விழாத நாள்

டவுன்ஷிப்பில் சாலையைக் கூட்டிக் குப்பை அள்ளுவது எங்கள் காண்ட்ராக்ட் வேலை. நானும் என் நாத்தனாரும் பக்கத்து ஊரான வடக்குத்திலிருந்து சேர்ந்தே வருவோம். அவள் என் வீட்டுக்காரருக்கு ஒரே தங்கை. சாப்பாட்டுப் பைகளைத் தூங்குமூஞ்சி மரத்தின் தாழ்ந்த கிளையில் மாட்டி வைப்போம். வெயிலோ மழையோ, அந்த மரத்தடிதான் எங்களுக்கு ஆபீஸ்.

சுரங்கத்தின் ஷிப்டுச் சங்கைக் கேட்டு உலை வைக்கிற ஊர் இது. சத்தம் கேட்டால் இங்கே யாருக்கும் பயம் வராது, மணி என்ன என்றுதான் தோன்றும். அதனால் என் போன் முதல்முறை வீறிட்டு அலறியபோது நாத்தனார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் எடுத்துப் படித்தேன். அரசாங்கம் அனுப்பிய எச்சரிக்கை. இடி மின்னல் வருகிறது, மரத்தடியில் நிற்காதீர்கள் என்று தமிழிலேயே போட்டிருந்தது.

எனக்கு அது போதும். போன வருஷம் எங்கள் தெருக்கோடி வேப்பமரத்தடியில் ஒதுங்கிய ஆடுகள் ஒரே இடியில் செத்துக் கிடந்ததைப் பார்த்தவள் நான். ஒன்றின் வாயில் தழை அப்படியே இருந்தது.

துடைப்பம் வைக்கும் சமுதாயக் கூடம் எதிரிலேயே இருந்தது. நாத்தனாரை இழுத்துக்கொண்டு அதற்குள் ஓடினேன். லேசாகத் தூறிவிட்டு வெயில் அடித்தது. சூப்பர்வைசர் வந்து, வேலை நேரத்தில் என்ன அரட்டை என்று காய்ச்சி எடுத்தார். இரண்டாவது முறையும் இதே கதைதான். நாத்தனாருக்கு மானமே போய்விட்டது.

மூன்றாவது முறை அலறியது சாப்பாட்டு நேரத்தில். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தவள் எழுந்திருக்கவே இல்லை.

"ஒங்க போனு தெனமுந்தான் கத்திக்கினு இருக்குது. நீங்க போங்க அண்ணி, நான் வரல."

கெஞ்சினேன், திட்டினேன். கல்லுப்பிள்ளையார் மாதிரி இருந்தாள். மேலே வானம் உறுமியது. இவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற நினைப்பையே என்னால் தாங்க முடியவில்லை. ஆனால் பசி நேரத்தில் அவளை எது கிளப்பும் என்று எனக்குத் தெரியும். அவள் பையைக் கிளையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடினேன். வாயில் வந்தபடி ஏசிக்கொண்டே பின்னால் ஓடிவந்தாள். அவள் உள்ளே வந்ததும் கதவைச் சாத்தி, அதன்மேல் சாய்ந்து நின்றுகொண்டேன்.

மழை கொட்டித் தீர்த்தது. இடி எங்கெங்கோ இடித்தது. விட்டதும் கதவைத் திறந்து பார்த்தோம். எங்கள் மரம் ஒரு இலைகூடக் கருகாமல் பச்சைப்பசேலென்று நின்றது.

"எங்க விழுந்துச்சி இடி? காட்டுங்க பாக்கலாம்!" என்று வெடித்தாள்.

"விழுந்திருந்தா இதக் கேக்க நீ இருந்திருக்க மாட்ட. நாளைக்குக் கத்துனாலும் ஓடுவேன். நூறு வாட்டி கத்துனாலும் ஓடுவேன். ஒன்ன உட்டுட்டு மட்டும் ஓட மாட்டேன்."

கோபத்தில்தான் சொன்னேன். ஆனால் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் என்னையே பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து பையைத் திறந்தாள்.

"அடுத்த வாட்டி பைய ஆட்டாம ஓடுங்க அண்ணி," என்றாள். "கொழம்பெல்லாம் கொட்டிப் போச்சி."