தங்கை கல்யாணத்துக்கு நான் போட்ட அட்டவணை

என் தங்கையின் கல்யாண நாளுக்கு நிமிஷம் நிமிஷமாக அட்டவணை போட்டவள் நான்தான். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. "அக்கா, நீ ஆபீஸ்ல இதையேதானே பண்றே?" என்று அவள் கேட்டபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. மென்பொருள் நிறுவனம் ஒன்றில் எந்த வேலை எந்தத் தேதிக்குள் முடிய வேண்டும், யார் முடிக்க வேண்டும், தாமதமானால் யாரைப் பிடித்து உலுக்க வேண்டும் என்று பட்டியல் போடுவதுதான் என் பிழைப்பு.

எங்கள் வீடு மாரெட்பள்ளியில். குடும்பம் செகந்திராபாத்துக்கு வந்து நாலு தலைமுறை ஆகிறது. வீட்டுக்குள் தமிழ், வாசலில் தெலுங்கு, சண்டை போட ஹிந்தி. தங்கை என்னைவிடப் பத்து வயது சின்னவள். தமிழில் கேட்டால் பாதி இங்கிலீஷில் பதில் சொல்வாள். நான் இருபத்தாறு வயதில் கல்யாணமாகிச் சென்னைக்குப் போய், முப்பதில் திரும்பி வந்தேன். விவாகரத்துக் காகிதம் கைக்கு வர மேலும் இரண்டு வருஷம் ஆனது. அதன் பிறகு கொண்டாபூர் பக்கம் ஒரு ஃபிளாட்டில் தனியாக இருக்கிறேன். இதைப் பற்றி வீட்டில் யாரும் என்னைக் குத்திப் பேசியதில்லை. பேசவே பேசாததை அப்போது நல்ல குணம் என்று எடுத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளை தெலுங்குப் பையன். பட்டான்செருவில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் வேலை. வீடு அல்வாலில். அப்பா ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு பேரும் தாங்களாகவே பார்த்துப் பிடித்துப்போய் வீட்டில் சொன்னார்கள். இரண்டு வீட்டிலும் பெரிய எதிர்ப்பு இல்லை. பந்துலு, அதாவது அவர்கள் வீட்டுப் புரோகிதர், முகூர்த்தம் காலை எட்டு ஐம்பத்திரண்டு என்று குறித்துக் கொடுத்தார்.

அந்த எட்டு ஐம்பத்திரண்டை வைத்துக்கொண்டு போட்டோகிராஃபர் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தார். முப்பது வயதுக்காரர். தக்கணி ஹிந்தியும் தெலுங்கும் கலந்து பேசுவார். எதைக் கேட்டாலும் முதலில் "ஹவ் மேடம்" என்று ஆமோதித்துவிட்டுத்தான் மறுப்பார். அவர் எங்களுக்குச் சொன்னது இதுதான்: கல்யாணம் எப்போது தொடங்குகிறது என்பது கணக்கில்லை, பெண் எப்போது தயாராகிறாள் என்பதுதான் கணக்கு. மண்டபத்துக் கிழக்குப் பக்கம் சின்னப் புல்வெளி இருக்கிறது. ஆறரை மணியிலிருந்து ஏழே கால் வரைக்கும் அங்கே வெளிச்சம் மெத்தென்று விழும். அதற்குப் பிறகு முகத்தில் நிழல் வெட்டும். ஆகவே ஆறேகாலுக்கு அலங்காரம் முடிந்தாக வேண்டும். குடும்பப் படங்களுக்கு ஒரு குழுவுக்கு இரண்டு நிமிஷம். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பத்து நிமிஷம் சும்மா விட்டு வைக்க வேண்டும்.

"கைக்கு சும்மா?" என்று அம்மா அவர் பாஷையிலேயே கேட்டாள், எதுக்கு என்று.

"யாராவது லேட் பண்ணுவாங்க அம்மா. கண்டிப்பா பண்ணுவாங்க" என்றார்.

எனக்கு அவரைப் பிடித்துப்போனது. என் வேலையும் அதுதான். முகூர்த்தத்திலிருந்து பின்னோக்கி எண்ணி எண்ணி, யார் எத்தனை மணிக்குக் குளிக்க வேண்டும் என்பது வரைக்கும் எழுதினேன். பந்துலுவுக்கும் நானே போன் செய்தேன். தெலுங்கர் வழக்கப்படி முகூர்த்த நிமிஷத்தில் மணமக்கள் ஒருவர் தலையில் ஒருவர் சீரகமும் வெல்லமும் அரைத்த விழுதை வைப்பார்கள். தாலி அதற்குப் பிறகு. அந்த இரண்டு இடத்திலும் கொஞ்சம் நிறுத்திச் செய்ய முடியுமா என்று கேட்டேன். "லக்னத்தை நான் கையால் பிடித்து நிறுத்த முடியுமாம்மா?" என்று சிரித்தார். பிறகு, மூன்று முடிச்சுக்கும் நடுவில் மந்திரத்தை இழுத்துச் சொல்வதாக ஒப்புக்கொண்டார். இப்போதெல்லாம் எல்லோரும் கேட்கிறார்களாம்.

தாலி கட்டும்போது மேடையில் யார் எங்கே நிற்பது என்று போட்டோகிராஃபர் ஒரு காகிதத்தில் வரைந்து காட்டினார். பெண்ணுக்குப் பின்னால் மூன்று பேர், பையனுக்குப் பின்னால் மூன்று பேர். அதற்கு மேல் போனால் படம் கச்சடா ஆகிவிடும் என்றார். பெண்ணுக்குப் பின்னால் மூன்று வட்டம் போட்டு, அப்பா, அம்மா, அக்கா என்று அவரே எழுதினார். தங்கை பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். தலையாட்டினாள்.

அட்டவணையைக் கணினியில் ஏற்றி எல்லோரும் பார்க்கிற மாதிரி பகிர்ந்தேன். தங்கை, மாப்பிள்ளை, போட்டோகிராஃபர், சமையல் கான்டிராக்டர் எல்லோரிடமும் இருந்தது.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு ஆபீஸில் அதை அச்செடுக்கப் போனேன். அதற்கு முன் ஒரு தரம் வரி வரியாகப் படிப்பது என் பழக்கம். ஒன்பது மணி வரிசையில் 'அக்கா' என்ற பெயருக்கு நேரே 'மேடை, பெண்ணுக்கு இடதுபுறம்' என்று நான் எழுதியிருந்தேன். இப்போது அங்கே 'டைனிங் ஹால், முதல் பந்தி மேற்பார்வை' என்று இருந்தது. என் கைத்தவறு என்றுதான் முதலில் நினைத்தேன். கீழே குடும்பப் படங்கள் வரிசையைப் பார்த்தேன். 'முழுக் குடும்பம்' என்று நான் போட்டிருந்த வரி இல்லை. 'அப்பா, அம்மா, பெண்' என்று ஒன்று. 'சித்தப்பா குடும்பம்' என்று ஒன்று. கடைசியில் 'நண்பர்கள், மற்றவர்கள்' என்று ஒன்று. அதற்கு எதிரே என் பெயர் இருந்தது.

எந்தக் கட்டத்தை யார் எப்போது மாற்றினார்கள் என்று அதிலேயே பார்க்கலாம். மாப்பிள்ளை வீட்டில் யாரோ சொல்லி, மாப்பிள்ளைதான் மாற்றியிருப்பான் என்று நினைத்தபடியே திறந்தேன். என் தங்கையின் சிரித்த முகம் ஒரு சின்ன வட்டத்தில் இருந்தது. செவ்வாய்க்கிழமை மத்தியானம், இரண்டு மாற்றங்கள்.

சனிக்கிழமை மாரெட்பள்ளிக்குப் போனேன். தங்கை கட்டிலில் ரவிக்கைகளைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஷீட்ல என் இடத்தை மாத்தினியா?"

அவள் மறைக்கவில்லை. "சொல்லணும்னுதான் இருந்தேன் அக்கா. ப்ளீஸ், தப்பா எடுத்துக்காதே. அந்தத் தாலி போட்டோதான் அவங்க ஹால்ல மாட்டுவாங்க. வர்றவங்க எல்லாம் பார்ப்பாங்க. இது யாரு, இவங்க ஹஸ்பண்ட் எங்கேன்னு கேப்பாங்க. லைஃப் லாங் நான் பதில் சொல்லிட்டே இருக்கணும்."

"அவங்க வீட்டுல யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"சொல்லலை. சொல்ற அளவுக்கு ஏன் வச்சுக்கணும்?"

அம்மா கதவருகே வந்து நின்றாள். அவளுக்குத் தெரிந்திருந்தது. "நல்லது நடக்கற நேரம்டி. ஒரு அரை மணி நேரம். அவ ஆசைப்படறா, விட்டுக் குடேன்" என்றாள். அப்பா கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் அவர் முன்னால் போய் நின்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போட்டோதானேம்மா" என்றார்.

அந்த ஒரு வார்த்தை வரும்வரை அழுதுவிடுவேன் என்று பயந்துகொண்டிருந்தேன். அதைக் கேட்டதும் அழுகை எங்கோ போய்விட்டது. போட்டோதான் என்றால் நான் நின்றால் என்ன என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நான் ஆசைப்பட்டு மேடையில் நிற்கக் கெஞ்சுகிறேன் என்று ஆகிவிடக் கூடாது என்ற வீம்பு. "சரி" என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து அட்டவணையில் ஒரே ஒரு மாற்றம் செய்தேன். 'அக்கா' என்று இருந்த இடத்தையெல்லாம் 'ஒருங்கிணைப்பாளர்' என்று மாற்றினேன். தங்கை அதைப் பார்த்தாள் என்பது எனக்குத் தெரியும். திருப்பி மாற்றவில்லை.

கல்யாண நாள் நான் எழுதியபடியே நடந்தது. அலங்காரம் செய்யும் பெண் இருபது நிமிஷம் தாமதமாக வந்தாள். சும்மா விட்டுவைத்த நிமிஷங்களில் அதை முழுங்கினேன். ஆறரைக்குத் தங்கை புல்வெளியில் நின்றாள். அழகாக இருந்தாள். அதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னவள் ஆவேன். புடவை மடிப்பு ஒன்று சரிந்திருந்தது. குனிந்து சரிசெய்தேன். போட்டோகிராஃபர், "மேடம், நீங்க கொஞ்சம் சைடு" என்றார். ஒதுங்கினேன். அவர் மேல் தப்பில்லை.

எட்டே முக்காலுக்கு டைனிங் ஹாலுக்குப் போனேன். முதல் பந்தியில் வயதானவர்களும், ஆபீஸுக்கு ஓட வேண்டியவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் பெரிய திரை வைத்து மேடையை நேரடியாகக் காட்டினார்கள். அதுவும் என் ஏற்பாடுதான், சாப்பிடுகிறவர்களும் பார்க்கட்டும் என்று. ஒன்றை மட்டும் நான் யோசிக்கவில்லை. படம் திரைக்கு வந்து சேர நாலைந்து விநாடி பிந்தும். சுவருக்கு அந்தப் பக்கம் கெட்டிமேளம் முழங்கியது. எனக்குத் தெரிந்துவிட்டது, கட்டுகிறான் என்று. திரையில் அவன் கை இன்னும் தாம்பாளத்தை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். கேமராக்காரர்களின் முதுகுகளுக்கு நடுவே மஞ்சள் கயிறு ஒரு விநாடி தெரிந்தது. தங்கைக்கு இடதுபுறம் சித்தி நின்றாள்.

"அம்மா, பொங்கல் இன்னும் கொஞ்சம் வரச் சொல்லு" என்று ஒரு பெரியவர் இலையைக் காட்டினார். வரச் சொன்னேன்.

கால் மணி நேரம் போயிருக்கும். மாப்பிள்ளையின் அம்மா டைனிங் ஹாலுக்குள் வந்தார். பட்டுப்புடவையைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, யாரையோ தேடுகிறவர் மாதிரி. கணவருக்கு ஆவடியில் வேலை இருந்தபோது பழகிய தமிழ் அவருக்குக் கொஞ்சம் வரும்.

"நீங்க இங்கயா இருக்கீங்க? அங்க போட்டோ எடுக்கறாங்க. வதினகாரு எங்கன்னு என் பையன் கேக்கறான்."

வதின என்றால் அண்ணி. மனைவியின் அக்காவையும் அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"இங்க கொஞ்சம் வேலை இருக்கு ஆன்டி."

"உங்க அம்மா சொன்னாங்க, உங்களுக்கு போட்டோன்னா இஷ்டம் இல்லன்னு. ஒண்ணு எடுத்துக்கலாம், வாங்க. எனக்காக." என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை சூடாக இருந்தது. அவருக்கு என்னைப் பற்றி எல்லாம் தெரியும் என்பது நடந்து போகும்போதுதான் புரிந்தது. "என் தங்கச்சியும் உங்க மாதிரிதான். தனியா இருக்கா, வைசாக்ல. இன்னிக்கி வர முடியல" என்று போகிற போக்கில் சொன்னார். அவ்வளவு சாதாரணமாக.

மேடையில் என்னைப் பார்த்ததும் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். போட்டோகிராஃபர் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார், இந்தக் குழு அதில் இல்லை. மாப்பிள்ளை நகர்ந்து இடம் விட்டான். தங்கை என்னைப் பார்க்கவில்லை, கேமராவைப் பார்த்துச் சிரித்தாள். காதில் போன் கருவியோடும் ரவிக்கையில் சாம்பார்க் கறையோடும் நான் நின்றேன். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

அன்றைக்கு எனக்கு வந்த கோபம், மேடையில் நிற்காததற்கு அல்ல. அவர்கள் வீட்டில் யாருக்கும் தோன்றாத ஒன்றைக் காரணம் காட்டி, என் வீட்டார் என்னை ஒதுக்கியிருக்கிறார்கள் என்பதற்கு. வெளியார் சொல்லியிருந்தால் அவர்களைத் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

இரண்டு மாதம் கழித்துப் போட்டோகிராஃபர் எனக்குப் போன் செய்தார். ஆல்பத்துக்கான படங்களைத் தங்கை தேர்ந்தெடுத்து அனுப்பியிருந்தாள். அட்டவணையில் தொடர்புக்கு என் எண்தான் இருந்ததால் என்னைக் கூப்பிட்டார்.

"மேடம், ஒரு சின்ன டவுட். நீங்க நிக்கற ஃபேமிலி போட்டோ ஒண்ணு இருக்கில்ல? மாப்பிள்ளை அம்மா அதைப் போடச் சொல்றாங்க. பிரைடு மேடம் வேண்டாம்னு மார்க் பண்ணியிருக்காங்க. நான் என்ன செய்யட்டும்?"

"ஆல்பம் பெண்ணோடது. அவ சொன்னபடி செய்ங்க" என்றேன்.

"ஹவ் மேடம்" என்றார். பிறகு, "அந்த போட்டோ நல்லா வந்திருக்கு மேடம். உங்களுக்குத் தனியா அனுப்பறேன்."

அனுப்பினார். நான் திறந்து பார்க்கவில்லை. அழிக்கவும் இல்லை.

போன மாதம் தங்கை கூப்பிட்டாள். அவளுக்கு ஏழாம் மாதம். சீமந்தத்தை அல்வால் வீட்டிலேயே வைக்கிறார்கள். "அக்கா, நீ ஒரு ஷீட் போட்டுக் குடுத்தா எல்லாம் கரெக்டா நடக்கும். அதே போட்டோகிராஃபர்தான்" என்றாள். அவள் குரலில் கள்ளம் இல்லை. எதுவுமே நடக்காத மாதிரிதான் கேட்டாள். ஒருவேளை அவளைப் பொறுத்தவரை எதுவும் நடக்கவில்லையோ என்னவோ.

"அந்த வாரம் ஆபீஸ்ல ரிலீஸ் இருக்கு. முடியாது" என்றேன். ரிலீஸ் எதுவும் இல்லை.

"ஓ" என்றாள். பிறகு, "வரவாவது வருவேல்ல?" என்று கேட்டாள்.

பார்க்கலாம் என்று சொன்னேன். குழந்தை உதைக்கிறதா என்று கேட்டேன். உதைக்கிறது என்றாள்.