அப்பா தடுத்து வைத்த ரிசல்ட்

மழையில் நனைந்த சாக்கின் வாடையும் வற்றல் மிளகாயின் நெடியும் அப்பாவின் சட்டையோடு வீட்டுக்குள் வரும்; நான் மருத்துவ ‘எண்ட்ரன்ஸ்’ எழுதிய அந்த ஆண்டு மட்டும், அந்த நெடி வாசலைத் தாண்டியதுமே எனக்குத் தும்மலோடு எரிச்சலும் வந்தது. எங்கள் மலையாள ஊரில், ‘சாலை’ என்று பெயர்கொண்ட கடைவீதியில், ஒரு மொத்தப் பலசரக்குக் கடையில் அவர் கணக்கு எழுதினார். மகள் டாக்டராகப் போகிறாள் என்பதை முதலாளியிலிருந்து மூட்டை இறக்குபவர்கள் வரை எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

எனக்கு வந்த ரேங்க் எட்டாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. அதை வைத்துக்கொண்டு எந்த மருத்துவக் கல்லூரி வாசலையும் மிதிக்க முடியாது. அழுது முடித்தபின், பிளஸ் டூவுக்கு ஈடான பிரீடிகிரியின் மதிப்பெண்ணுக்கு பி.எஸ்ஸி. தாவரவியல் நிச்சயம் கிடைக்கும் என்று தெரிந்துகொண்டு, அதில் சேர்கிறேன் என்றேன். அப்பாவுக்கோ நான் இன்னொரு வருடம் ‘ரிப்பீட்’ செய்ய வேண்டும். நான் பேச்செடுத்தால் ரேடியோவைச் சத்தமாக வைப்பார்.

கடைவீதியில் அவர் என்ன சொல்லியிருந்தார் என்பதை அம்மாதான் சொன்னாள். “ரிசல்ட்ட தடுத்து வச்சிருக்காங்கன்னு சொல்லிட்டாரு பிள்ளே. வேற சொல்ல வாய் வரல. கொஞ்ச நாளைக்கு நீ சாலைப் பக்கம் போவாதே.”

அதாவது, நான் கல்லூரியில் சேர்ந்தால் பொய் வெளுத்துவிடும். பொய் நிற்க வேண்டுமென்றால் நான் சேரக் கூடாது. தோற்றது நான், வெட்கம் அவருக்கு, வீட்டுக்குள் கிடக்க வேண்டியது மறுபடியும் நான். சேர்க்கைக்குக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டே இருந்தது.

அந்தச் சனிக்கிழமை மாலை, கடைவீதிச் சுமைத்தொழிலாளர் சங்கத் தலைவர் தங்கப்பன் சேட்டன், சங்கத்து நீலச் சட்டை போட்ட இரண்டு பேரோடு சொட்டச் சொட்ட நனைந்து வீட்டு வாசலில் நின்றார்.

“அண்ணாச்சி, நம்ம கொச்சுப் பிள்ளையோட ரிசல்ட்ட தடஞ்சு வைக்க அவனுங்க யாரு? திங்கக்கிழம முப்பது பேரு எண்ட்ரன்ஸ் ஆபீஸுக்குப் போறோம். கேட்டுட்டுதான் திரும்புறது.”

“வேண்டாம் தங்கப்பா. அவங்களே அனுப்பிருவாங்க,” என்றார் அப்பா.

“அது பறஞ்சா பற்றில்ல, போயே ஆகணும். கொடி வரைக்கும் ரெடி!”

அம்மா டீ டம்ளர்களை நீட்டினாள். இனியும் பேசாமலிருந்தால் என் பெயரில் ஊர்வலமே புறப்பட்டுவிடும்.

“ரிசல்ட் எப்பவோ வந்தாச்சு சேட்டா,” என்றேன். “எட்டாயிரத்து நானூத்திப் பன்னெண்டு. டாக்டருக்குக் கெடைக்காது. நான் பி.எஸ்ஸி. சேரணும். செவ்வாய்க்கிழமை கடைசி நாள்.”

தங்கப்பன் சேட்டன் என்னைப் பார்த்தார், பிறகு அப்பாவை. “அப்போ ரிசல்ட்ட தடஞ்சு வெச்சது நிங்ஙளாணோ, அண்ணாச்சி?”

பின்னால் நின்றவன் சிரித்தேவிட்டான். சேட்டன் டீயைக் குடித்து முடித்துவிட்டு, “சரி, திங்கக்கிழம காலேஜுக்குப் போலாம். ஆட்டோவுக்கு நான் சொல்லி வைக்கிறேன்,” என்று படியிறங்கினார். அப்பாவின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை ஆட்டோ வந்தது. தேய்த்த சட்டையில் அப்பாவும் வந்தார். கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாப்பைத் தாண்டும்போது, “இன்னொரு தடவை எழுதியிருந்தா…” என்று தொடங்கினார். நான் தாவரவியல் ஆசிரியையான பிறகும், என் கல்யாணத்துக்கு வந்தவர்களிடமும், கடைசியில் ஆஸ்பத்திரியில் தன்னைப் பார்க்க வந்த இளம் டாக்டரிடமும் அதே வாக்கியத்தைச் சொன்னார். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றியது. இப்போது எழுதும்போதும்தான்.

சென்ற வாரம் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் லிஃப்டில், மேல்மாடிப் பையனிடம் நீட் ரிசல்ட் வந்துவிட்டதா என்று கேட்டேன். “இன்னும் வரல ஆன்ட்டி,” என்று போனைப் பையில் போட்டுக்கொண்டான். முந்தைய நாளே வந்துவிட்டதென்று எனக்குத் தெரியும். தலையாட்டிவிட்டு என் மாடியில் இறங்கினேன். அன்றைய சாலைக் கடைவீதியில் இப்படி ஒரு பொய்யால் ஒரு மாதம்கூடத் தாக்குப்பிடிக்க முடியவில்லை. இந்தக் கட்டடத்தில் அது எத்தனை வருடம் வேண்டுமானாலும் இருந்துகொள்ளலாம்.