முத்திரை இருந்த பக்கம்

எங்கள் கமெஓகா ஊரில் என் மனைவி சவாயேயிடம் பிடரி மழிக்காமல் எந்தக் கல்யாணப் பெண்ணும் கோயில் படி ஏறியதில்லை. ஒரு பூனைமுடி மிச்சமிருந்தாலும், கல்யாணப் பெண்ணின் பிடரியில் பூசுகிற வெள்ளைப் பூச்சு திட்டுத் திட்டாக நின்றுவிடும். கத்தி சுரண்டிவிட்டாலோ தோல் சிவந்து பூச்சே ஒட்டாது. ஊரே பின்னால் நின்று பார்க்கிற இடம் அது. நானும் சவரக்காரன்தான், பக்கத்து நாற்காலி என்னுடையது. ஆனால் என்னிடம் கழுத்தை நீட்டுவதெல்லாம் மரம் வெட்டுகிறவர்களும் தபால்காரரும்தான். என் கத்தியைக்கூட அவள் தன் கன்னத்தில் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்த பிறகுதான் வாடிக்கையாளர்மேல் வைக்க விடுவாள்.

கல் பார்ப்பதில் மட்டும் நான் கெட்டிக்காரன் என்று மார்தட்டிக்கொண்டிருந்தேன். பதினோரு வருஷத்துக்கு முன் மலைச் சுரங்கத்தில் ஒரு மஞ்சள் சாணைக்கல் வாங்கினேன். அதன் ஒரு முகத்தில் சுரங்கத்தின் நீல முத்திரை. எங்கள் தொழிலில் முத்திரை முகத்தில் யாரும் தீட்டமாட்டோம், அழிந்தால் கல்லின் மதிப்பே போச்சு. வருகிறவர்களுக்கெல்லாம் அதைத் துடைத்துத் துடைத்துக் காட்டுவேன். வாங்கிவந்த அன்று சவாயே கல்லை நனைத்து, தீட்டுகிற முகத்தை நகத்தால் தடவிப் பார்த்தாள். "ம்" என்றாள். அவ்வளவுதான்.

போன சித்திரையில் என் சிநேகிதன் கான்பேயின் ஒரே மகள் மினெகோவுக்குக் கல்யாணம். தொட்டாலே சிவக்கிற தோல் அவளுக்கு. உதவி செய்கிறேன் பேர்வழி என்று, அவளுக்காக எடுத்துவைத்த கத்தியைக் காலையில் அந்தக் கல்லில் நானே தீட்டினேன். சவாயே வந்து கன்னத்தில் வைத்தாள். சிவப்பாக ஒரு கோடு விழுந்தது.

"யாரு தீட்டினது?"

"நான்தான். எப்படி?"

"இது கத்தியா, ரம்பமா? பல்லு பல்லா இருக்கு!"

கல்லை நனைத்து ஒரு ஓரத்தைக் காட்டினாள். கடுகளவில் கத்தியையே கடிக்கிற ஒரு கரும்பரல், கல்லுக்குள்ளேயே.

"இதுமேல ஓட்டியிருக்கீங்க. நான் இதத் தொடாம பாதிக் கல்லுலதான் தீட்டுவேன். இப்ப அப்படித் தீட்டினா மத்தியானம் ஆயிரும். பொண்ணு இன்னும் அரை மணியில வந்துருவா."

"ஐயோ, வேற கத்தி?"

"மத்ததெல்லாம் மரவெட்டிங்க தாடிக்குத்தான் ஆகும்." கல்லைத் திருப்பினாள். "இந்தப் பக்கம் சுத்தமா இருக்கு."

"அடிப்பாவி! முத்திரை!"

"முத்திரை வேணுமா, மினெகோ கழுத்து வேணுமா? நீங்களே சொல்லுங்க."

 அவள் கல்லை என் முன்னால் வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன பார்வை? தண்ணியக் கொண்டா!" என்று கத்தினேன். கூழ் எடுக்கிற சின்னக் கல்லால் நானே முத்திரைமேல் தேய்த்தேன். நீலம் கரைந்து சாம்பல் கூழானது.

அவள் முதலில் முரட்டுக் கல்லில் பல்லை எடுத்தாள். பிறகு இந்தக் கூழில் கத்தியைப் படுக்கவைத்து, விரலின் கனம்கூடப் படாமல் ஓட்டினாள். கரகரப்பு குறைந்து, கடைசியில் சத்தமே இல்லை. தோல்வாரில் முப்பது இழுப்பு. பிறகு கன்னம். தலையசைத்தாள். அந்தக் கையைக் கும்பிடலாம் போலிருந்தது.

சவரம் முடிந்ததும் மினெகோ எழுந்து பிடரியைத் தடவினாள். "அத்தை, எரியவே இல்லையே!"

கோயிலில் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார்கள். பூச்சு ஒரே சீராக நின்றது. கான்பே என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டான்.

சாயங்காலம் சவாயேயிடம் கேட்டேன். "அந்தப் பரல் உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"வாங்கின அன்னிக்கே."

"பதினோரு வருஷமா! வாயில என்ன கொழுக்கட்டையா?"

"தினமும் அந்த முத்திரைய அவ்ளோ ஆசையாத் துடைப்பீங்க. எப்படிச் சொல்றது?"

விளக்கடியில் அவள் கன்னத்தைப் பார்த்தேன். மெல்லிய பழைய கோடுகள். என் கத்திகளைத் தினமும் முதலில் வாங்கிக்கொண்ட கன்னம். பனிக்காற்றில் வந்த வெடிப்பு என்று நினைத்து, ஒவ்வொரு குளிர்காலமும் நான்தான் அதற்குக் களிம்பு வாங்கிக்கொடுத்திருக்கிறேன்.