சாந்தி அக்கா முறுக்கும் என் 'சூப்பர்'உம்

இன்னைக்கு டவுன் பஸ்ல, பக்கத்து குவார்ட்டர்ஸ் சாந்தி அக்கா என் கையைப் புடிச்சிக்கினாங்க.

"அவரு அடுத்த மாசம் ரிட்டயர்டுடி. வர்ற பணத்துல மெயின் பஜார்ல முறுக்குக் கடை வெக்கப் போறோம். மறைக்காம சொல்லு, என் முறுக்கு கடை வெக்கிற அளவுக்கு இருக்கா?"

அக்கா முறுக்கை எங்க வீட்ல டீயில ஊற வெச்சுத்தான் திம்போம். கொஞ்சம் வெண்ணெய் சேத்துப் பிசைஞ்சாலே சரியாயிடும். தொழில் தொடங்க லோன் குடுக்க பேங்க் இருக்கு. வெண்ணெய் சேருங்கன்னு சொல்லத்தான் ஆள் இல்ல.

"சூப்பரா இருக்குக்கா"ன்னேன்.

என் வீட்டுக்காரருக்கு மைன்ஸ்ல ஷிஃப்ட் போடுறதே அக்கா வீட்டுக்காரர்தான். எங்க பிளாக்ல பாதிப் பேருக்கு அவர்தான். அத்தனை பேரும் இதே 'சூப்பர்'தான் சொல்லி வெச்சிருக்கோம்.

"நீங்கள்லாம் குடுத்த தைரியம்தான்"னு சொல்லி, ஒரு பாக்கெட் முறுக்கை என் மடியில வெச்சுட்டு அக்கா இறங்கிட்டாங்க.

அவரு ரிட்டயர்டு ஆகி ஷிஃப்ட் பயம் போனப்புறம் நாங்க எல்லாரும் உண்மையைச் சொல்லிடுவோம். அதுக்குள்ள வந்த பணமெல்லாம் கடையில முடங்கியிருக்கும்.

இப்பவே போய்ச் சொல்ல யாராவது கூட வர்றீங்களா?

தயவுசெஞ்சு கமெண்ட்ல 'சூப்பர்'னு போடாதீங்க.